கையில் உயர் அழுத்த ஊடுருவல் காயம்: ஊசித்துளை அளவு காயத்தை எப்போது அவசரமாகக் கருத வேண்டும்?

திருகுமறை:

எங்கள் பணிமனையின் முதலுதவி அறையில் ஒட்டுவதற்குப் புதிய அறிவிப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வெட்டுக்காயம், தீக்காயம், கண்ணில் இரும்புத்தூள் ஆகியவற்றைப் பற்றி எழுதுவதில் சிக்கல் இல்லை. ஹைட்ராலிக் ஹோஸிலிருந்தோ கிரீஸ் கன்னிலிருந்தோ பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விட்டால் என்ன செய்வது என்ற பத்தியில்தான் நின்றுவிட்டேன். பழைய அறிவிப்பில் "சோப்புப் போட்டுக் கழுவிக் கட்டுப் போடவும், வலி இருந்தால் மருத்துவரை அணுகவும்" என்று ஒரே ஒரு வரி மட்டும் இருக்கிறது. அதில் வரும் "வலி இருந்தால்" என்ற நிபந்தனை எனக்கு உறுத்தலாக இருக்கிறது. இவ்வாறு அடிபட்டவர்களில் நான் பார்த்த சிலர், முதலில் ஏதோ குத்தியது போலிருந்தது என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். இரவில்தான் விரல் வீங்கித் துடிக்கத் தொடங்கியது.

எவ்வளவு அழுத்தத்திலிருந்து இது ஆபத்தாகிறது, மருத்துவமனைக்குப் புறப்படும் முன் நாங்கள் செய்யக்கூடியதும் கூடாததும் என்ன என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

இரவுப்பணி மருத்துவர்:

முதலில் அந்த நிபந்தனையை நீக்கிவிடுங்கள், ஐயா. இந்தக் காயத்தில் தொடக்கத்தில் வலி குறைவாக இருப்பது இயல்பு. அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வதால்தான் பெரும்பாலான தாமதங்கள் நேர்கின்றன. அவசரப் பிரிவுக்கு வரும் நோயாளி பெரும்பாலும் ஆரோக்கியமான இளம் தொழிலாளியாக இருப்பார். வலது கைப் பழக்கமுள்ளவராயின் இடது கையின் ஆள்காட்டி விரல் நுனியில், துடைத்துவிட்டுப் பார்த்தால்தான் தெரியும் ஒரு புள்ளி இருக்கும். பணிச்சுமை மிகுந்த நேரத்தில் அதைப் பார்க்கும் இளம் மருத்துவர் டெட்டனஸ் ஊசி போட்டு அனுப்பிவிடும் வாய்ப்பு மிக அதிகம்.

அழுத்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சுமார் 100 பிஎஸ்ஐ, அதாவது ஏறத்தாழ 7 பார் (இரண்டும் அழுத்தத்தின் அலகுகள்) இருந்தாலே மெல்லிய தாரை தோலைத் துளைக்கக்கூடும். ஏர்லெஸ் பெயிண்ட் ஸ்பிரே கருவிகள் (காற்றைக் கலக்காமல் பெயிண்டையே அழுத்தித் தெளிப்பவை) 200 பார் அளவிலும் அதற்கு மேலும் இயங்குகின்றன. கிரீஸ் கன்கள் சில நூறு பார் தருகின்றன. எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீறிடச் செய்யும் இக்காலக் காமன் ரயில் டீசல் இன்ஜெக்டர்களில் அழுத்தம் 2000 பாரையும் தாண்டுகிறது. ஆகவே உங்கள் பணிமனையில் உள்ள எந்தக் கருவி இந்த எல்லைக்குக் கீழே இருக்கிறது என்று தேடுவதில் பயனில்லை. நாசில் தோலைத் தொட்டிருக்க வேண்டும் என்ற அவசியமும் கிடையாது. ஹோஸில் ஏற்பட்ட கண்ணுக்குத் தெரியாத கசிவு, சற்று விலகியிருக்கும் கையையும் துளைத்துவிடும்.

நோயாளியிடம் நான் கேட்பவை மூன்று: உள்ளே போனது என்ன பொருள், கருவியின் அழுத்தம் எவ்வளவு, நேர்ந்தது எத்தனை மணிக்கு. பிறகு விரல் நுனியின் நிறத்தையும், நகத்தை அழுத்திவிட்டால் இரத்தம் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பதையும், தொடு உணர்வையும் பார்க்கிறேன். விரலை நானே மெல்ல நீட்டும்போது வலி எழுகிறதா என்று சோதிக்கிறேன். உள்ளங்கையையும் முன்கையையும் அழுத்திப் பார்க்கிறேன். துளை விரல் நுனியில் இருந்தாலும் பொருள் மணிக்கட்டு வரை போயிருக்கலாம். இவை எல்லாமே முதல் மணி நேரத்தில் சரியாக இருக்கக்கூடும் என்பதால், பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பது வீட்டுக்கு அனுப்பக் காரணமாகாது. நடந்ததைக் கேட்டறிந்தாலே நோயறிதலில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது.

தெளிப்பான்:

டாக்டர் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் கட்டடங்களுக்கு ஏர்லெஸ் கருவியால் பெயிண்ட் அடிக்கும் தொழிலில் நெடுங்காலமாக இருப்பவன். இந்தக் காயத்தின் கொடுமையை நான் மறுக்கவில்லை. ஆனால் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் "துளை தெரிந்தால் உடனே அறுவை செய்து கையைத் திறக்க வேண்டும்" என்ற முடிவை எல்லாருக்கும் பொதுவாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. உயர் அழுத்தத் தண்ணீர்த் தாரையால் சுவர் கழுவும்போது அடிபட்ட ஒருவருக்கு அறுவை இல்லாமலே சரியானதை நான் அறிவேன். தினக்கூலி வாங்கும் ஆளுக்குக் கையைக் கிழித்துப் பல வாரங்கள் வீட்டில் உட்கார வைப்பதும் சிறிய விஷயமல்ல. எப்போது திறக்க வேண்டும், எப்போது காத்திருக்கலாம் என்பதற்கு ஏதாவது தெளிவான அளவுகோல் உண்டா?

கைநுட்பம்:

நான் கை அறுவை மருத்துவர். தெளிப்பான் அவர்களின் கேள்வி நியாயமானது. அதற்கான விடை, உள்ளே போன பொருள் எது என்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

தண்ணீரும் காற்றும் தனி வகை. அவை திசுவை வேதியியல் ரீதியாக எரிப்பதில்லை. விரலின் இரத்த ஓட்டமும் உணர்வும் நன்றாக இருந்து, வீக்கம் இறுக்கமாக மாறாமல் இருந்தால், மருத்துவமனையில் அனுமதித்து, கையை உயர்த்தி வைத்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்து, மணிக்கு மணி கவனித்துக் காத்திருப்பது ஏற்கத்தக்க வழி. நீங்கள் அறிந்த அந்த ஒருவர் இந்த வகையைச் சேர்ந்தவர். இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. தாரையில் வரும் தண்ணீர் பெரும்பாலும் தூய்மையானதல்ல; கழுவப்படும் பரப்பின் அழுக்கையும் கிருமிகளையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறது. காத்திருப்பது என்றால் கை மருத்துவரின் கண்காணிப்பில் காத்திருப்பது. வீட்டுக்குப் போய்ப் படுப்பது அல்ல.

பெயிண்ட், தின்னர், பெட்ரோல், டீசல், ஹைட்ராலிக் எண்ணெய் ஆகியவை முற்றிலும் வேறு. இவற்றில் எண்ணெய் அடிப்படையிலான பெயிண்டும் தின்னரும் மிகக் கொடியவை. கொழுப்பைக் கரைத்து, செல்களைக் கொன்று, சில மணி நேரத்திலேயே கடுமையான அழற்சியை உண்டாக்குகின்றன. நீர் அடிப்படையிலான பெயிண்ட் ஒப்பளவில் குறைந்த தீங்கு செய்வது. கிரீஸ் அந்த அளவுக்கு எரிப்பதில்லை. ஆனால் உடலால் கரைக்க முடியாமல் தங்கி, பின்னாளில் இறுகிய தழும்பையும் கட்டிகளையும் உண்டாக்குகிறது. இந்தப் பொருள்களில் எது போயிருந்தாலும் என் விடை ஒன்றுதான்: அறுவை அரங்கு.

காரணத்தை விளக்க விரலின் அமைப்பைச் சற்றுச் சொல்ல வேண்டும். விரலின் உட்புறத்தில் மடக்குத் தசைநாண்கள் ஓர் உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறையின் மேல் தடித்த வளையங்களும் அவற்றிடையே மெல்லிய பகுதிகளும் உள்ளன. மெல்லிய இடத்தில் தாரை பட்டால் பொருள் உறைக்குள் புகுந்துவிடுகிறது. தடித்த வளையத்தில் பட்டால் பக்கவாட்டில் திரும்பி, நரம்பும் இரத்தக் குழாயும் செல்லும் தடத்தில் பரவுகிறது. சுவரில் இறங்கிய மழைநீர் விரிசல் போகும் வழியெல்லாம் போவதைப் போல, அது எங்கே போய் நிற்கும் என்பதை வெளித்துளையை வைத்துச் சொல்ல முடியாது. ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களின் உறைகள் பொதுவாக உள்ளங்கைத் தொடக்கத்தில் முடிந்துவிடுகின்றன. கட்டைவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் உறைகளோ மணிக்கட்டு வரை தொடர்கின்றன. அதனால்தான் சுண்டுவிரல் நுனியில் பட்ட கிரீஸை முன்கையில் தேடி எடுக்க நேர்கிறது.

மேலும் விரல் என்பது விரிய இடமில்லாத உறுப்பு. உள்ளே பாய்ந்த பொருளின் அளவும், அதைத் தொடர்ந்து வரும் வீக்கமும் சேர்ந்து இரத்தக் குழாய்களை நெரிக்கின்றன. முதலில் பாய்ச்சலின் விசையே திசுவைக் கிழிக்கிறது. அடுத்து வேதிப்பொருள் எரிக்கிறது. அதன்மேல் இரத்த ஓட்டம் குறைகிறது. செத்த திசுவில் கிருமி வளர்கிறது. மருந்து கடைசிக் கட்டத்தை மட்டும் ஓரளவு தடுக்கும். மற்றவற்றுக்கு அழுத்தத்தை விடுவித்து, பொருளை வெளியே எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

டீசல் இன்ஜெக்டரால் நேர்ந்த இத்தகைய காயம் 1937இலேயே மருத்துவ இதழில் பதிவாகிவிட்டது. இத்தனை காலத்துக்குப் பிறகும், 2006இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 435 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, விரலையோ கையின் பகுதியையோ அகற்ற நேர்ந்த விகிதம் 30 சதவீதத்தை நெருங்கியிருந்தது. கரைப்பான் வகைப் பொருள்கள் புகுந்தவர்களில், 6 மணி நேரத்துக்குள் விரிவாகத் திறந்து தூய்மை செய்யப்பட்டோர் விரலை இழப்பது குறைவாக இருந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவு.

தெளிப்பான்:

விளக்கத்துக்கு நன்றி, டாக்டர். தண்ணீரையும் தின்னரையும் ஒரே தட்டில் வைத்துத்தான் இதுவரை யோசித்திருக்கிறேன். அந்த 6 மணி நேரம் பற்றி மட்டும் இன்னொரு கேள்வி. தொலைவில் வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த நேரம் கடந்துவிட்டால் பிறகு போவதில் பொருளில்லை என்று சிலர் எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

கைநுட்பம்:

எடுத்துக்கொள்கிறார்கள், அதனால்தான் அந்த எண்ணை அறிவிப்பில் அச்சிடுவதை நான் விரும்புவதில்லை. 6 மணி நேரம் என்பது ஆய்வில் நோயாளிகளைப் பிரித்துப் பார்க்க உதவிய கோடு. ஐந்தே முக்கால் மணி நேரம் வரை பாதுகாப்பு, அதன்பின் எல்லாம் போயிற்று என்று திசு கணக்குப் பார்ப்பதில்லை. முன்னதாக வந்தவர்களிலும் சிலர் விரலை இழக்கிறார்கள். தாமதமாக வருபவருக்கும் அழுத்தத்தை விடுவிப்பதாலும் செத்த திசுவை அகற்றுவதாலும் மிஞ்சியதைக் காப்பாற்ற முடிகிறது. மறுநாள் வந்தாலும் அன்றே அறுவைதான்.

அரங்கில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "கையைக் கிழிக்கிறார்கள்" என்ற அச்சம் அதனால் சற்றுக் குறையலாம். விரலின் உட்புறத்தில் கோணல்மாணலாகவோ பக்கவாட்டிலோ கீறித் திறப்போம். நேராகக் கீறினால் தழும்பு சுருங்கி விரலை மடக்கிவிடும். பொருள் தெரியும் இடம் முடியும் வரை திறந்துகொண்டே போவோம். நரம்பையும் இரத்தக் குழாயையும் காத்து, கறைபட்ட கொழுப்பையும் செத்த திசுவையும் நீக்கி, நிறைய உப்புநீரால் கழுவுவோம். பெயிண்டைக் கரைக்கிறேன் என்று கரைப்பான் எதையும் காயத்தில் ஊற்றக் கூடாது. அது எரிச்சலை இரட்டிப்பாக்கும். அறுவையின்போது இரத்த ஓட்டத்தை நிறுத்தி வைக்கும் இறுக்குப்பட்டையான டூர்னிக்கெட்டைக் கட்டும் முன், இரத்தம் வடியக் கையை உயர்த்திப் பிடித்தால் போதும். இறுக்கமாகப் பட்டை சுற்றி இரத்தத்தை வடித்தால் பொருளும் மேலே தள்ளப்படும். காயத்தைத் திறந்தோ தளர்வாகவோ விட்டு, இரண்டொரு நாளில் மீண்டும் அரங்குக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ஒரே அறுவையில் முடியும் என்று நோயாளிக்கு நான் வாக்குக் கொடுப்பதில்லை.

ஸ்டீராய்டு தரலாமா என்பதில் மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அழற்சியைத் தணிக்கும் என்பது அதன் பின்னுள்ள எண்ணம். நான் சொன்ன தொகுப்பாய்வில் அதனால் விரல் இழப்பு குறைந்ததாகவோ கிருமித்தொற்று கூடியதாகவோ தெரியவில்லை. நான் வழக்கமாகத் தருவதில்லை.

இரவுப்பணி மருத்துவர்:

அரங்குக்குப் போகும் முன் அவசரப் பிரிவில் நடக்கும் தவறுகளைப் பற்றி, இங்கே வாசிக்கும் இளம் மருத்துவர்களுக்காக எழுதுகிறேன்.

வலிக்காக விரலின் அடியில் மரத்துப்போகும் ஊசி போடுவது மிகப் பரவலான தவறு. ஏற்கெனவே இறுகிய விரலுக்குள் மேலும் திரவத்தைச் செலுத்தி அழுத்தத்தைக் கூட்டுகிறோம். உணர்வு மாறுகிறதா என்று பின்னால் வரும் அறுவை மருத்துவர் சோதிக்கவும் வழியில்லாமல் செய்துவிடுகிறோம். வலிமருந்தைச் சிரை (இரத்தக் குழாய்) வழியே கொடுங்கள். பனிக்கட்டி வைப்பதும் கூடாது. குளிர் இரத்தக் குழாயைச் சுருக்கும், ஓட்டம் குறைந்த விரலுக்கு அது தாங்காது. மோதிரத்தை வீக்கம் வருமுன் கழற்ற வேண்டும். டெட்டனஸ் தடுப்பும் பரந்த வீச்சுள்ள ஆன்டிபயாட்டிக்கும் உடனே தேவை. அறுவைக்கான சாத்தியம் இருப்பதால் நோயாளி உண்ணாமலும் குடிக்காமலும் இருக்க வேண்டும்.

எக்ஸ்-ரே எடுக்கலாம். உலோக நிறமி கலந்த பெயிண்ட் வெள்ளையாகத் தெரியும். திசுவுக்குள் புகுந்த காற்றும் தெரியும். பொருள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு அது நல்ல குறிப்பு. படத்தில் எதுவும் தெரியாவிட்டால் உள்ளே எதுவும் இல்லை என்று பொருளல்ல. எண்ணெய் பல வேளைகளில் படத்தில் அகப்படாது. அந்தப் படத்துக்காகவும் இரத்தப் பரிசோதனைக்காகவும் கை அறுவை மருத்துவரை அழைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. முதலில் தொலைபேசி, பிறகு மற்றவை.

காப்புறுதி:

தொழிற்பாதுகாப்புத் துறையில் இருப்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். கையுறை இதிலிருந்து காப்பாற்றும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சாதாரணத் தோல் கையுறையும் ரப்பர் கையுறையும் இந்தத் தாரைக்குத் தடையே அல்ல. கையுறை அணிந்தவர் துணிந்து ஹோஸைத் தடவுகிறார் என்பதால் சில வேளை அதுவே கேடாகவும் முடிகிறது. கசிவைத் தேடக் கையை நீட்டாமல், அட்டைத் துண்டையோ மரப்பலகையையோ பிடித்துப் பார்க்க வேண்டும். அதற்கும் முன் அழுத்தத்தை முழுமையாக இறக்கிவிட்டுப் பிறகு பார்ப்பதே சரி. ஸ்பிரே கருவியில் நாசில் அடைத்தால் விசைப்பூட்டைப் போட்டு, அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே தொட வேண்டும். விரலால் நாசிலைத் துடைப்பது, துணியால் பொத்திப் பார்ப்பது, மற்றவரை நோக்கி விளையாட்டாக நீட்டுவது ஆகிய மூன்றையும் பணியிடத்தில் கண்டால் அங்கேயே வேலையை நிறுத்த எனக்கு அதிகாரம் இருக்கிறது. தயங்காமல் நிறுத்தியும் இருக்கிறேன்.

திருகுமறை அவர்களுக்கு ஒரு பரிந்துரை. உங்கள் பணிமனையில் உள்ள ஒவ்வோர் எண்ணெய்க்கும் பெயிண்டுக்கும் உரிய பாதுகாப்புத் தரவுத்தாளின் (அதில் என்ன கலந்திருக்கிறது, என்ன ஆபத்து என்று சொல்லும் தாள்) நகலை முதலுதவி அறையிலேயே வையுங்கள். அடிபட்டவருடன் அந்தத் தாளும் போக வேண்டும். சில கருவித் தயாரிப்பாளர்கள் மருத்துவருக்கான எச்சரிக்கை அட்டை ஒன்றையும் கருவியுடன் தருகிறார்கள். அது பெட்டியிலேயே கிடந்து தூக்கி எறியப்படுவதுதான் வழக்கம்.

திருகுமறை:

அனைவருக்கும் நன்றி. இதுவரை வந்தவற்றை வைத்து அறிவிப்பை இவ்வாறு மாற்றியிருக்கிறேன்:

"அழுத்தத்துடன் வந்த எண்ணெய், கிரீஸ், பெயிண்ட், தின்னர், தண்ணீர் அல்லது காற்று தோலைத் துளைத்ததாகச் சந்தேகம் எழுந்தாலே, வலி இல்லாவிட்டாலும் வீக்கம் இல்லாவிட்டாலும், உடனே கை அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லவும். மோதிரத்தைக் கழற்றவும். கையை உயர்த்தி வைக்கவும். துளையைப் பிதுக்க வேண்டாம், பனிக்கட்டி வைக்க வேண்டாம், எதுவும் உண்ணவோ குடிக்கவோ வேண்டாம். பொருளின் பெயர், கருவியின் அழுத்தம், நேர்ந்த நேரம் ஆகியவற்றை எழுதி, தரவுத்தாளுடன் எடுத்துச் செல்லவும். மருத்துவரிடம் 'உயர் அழுத்த ஊடுருவல் காயம்' என்ற சொற்களையே பயன்படுத்தவும்."

திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

இரவுப்பணி மருத்துவர்:

மிக நன்று. அடிபட்டவர் தானே வண்டி ஓட்டிச் செல்லக் கூடாது, உடன் ஒருவர் போக வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். பேச உடன் ஆள் இருந்தால் வரிசையில் காத்திருக்கும் நேரமும் குறையும்.

அசைவு:

நான் கைப் பயிற்சி அளிக்கும் பிசியோதெரபிஸ்ட். விரல் தப்பியது என்பதோடு கதை முடிவதில்லை என்பதை இங்கே யாரும் இன்னும் சொல்லவில்லை. அறுவைக்குப் பின் கை தானாக எடுக்கும் நிலை தவறான நிலை. அதனால் விரலின் அடிமூட்டு மடங்கியும் நடு, நுனி மூட்டுகள் நீண்டும் இருக்கும்படி சிம்பு (அசையாமல் தாங்கும் கட்டு) வைக்கிறோம். அறுவை மருத்துவர் அனுமதித்த உடனே, காயம் முழுவதும் ஆறுவதற்காகக் காத்திராமல், அசைவைத் தொடங்குகிறோம். தொடக்க நாட்களில் அசைக்காமல் விட்ட விரலில் தசைநாண் சுற்றுப்புறத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டால், பின்னர் எவ்வளவு உழைத்தாலும் முழுமையாக மீட்பது அரிது.

வீக்கத்தை வடிப்பது, தழும்பை மென்மையாக்குவது, தொட்டாலே கூசும் விரல் நுனியைப் பல்வேறு பரப்புகளில் தேய்த்துப் பழக்குவது என வேலை மாதக்கணக்கில் நீள்கிறது. குளிரில் விரல் நோவதும், பிடியின் வலிமை குறைவதும் பலருக்கு நெடுநாள் தொடர்கின்றன. விறைத்து வலிக்கும் ஒரு விரலைக் காப்பாற்றி வைத்திருப்பதைவிட அதை அகற்றிவிட்டு விரைவில் வேலைக்குத் திரும்புவது மேல் என்று நோயாளியே முடிவெடுத்த சந்தர்ப்பங்களும் உண்டு. அந்த முடிவைத் தோல்வியாகக் கருதும் மனப்போக்கோடு எனக்கு உடன்பாடில்லை. கை முழுவதும் எப்படி இயங்குகிறது என்பதுதான் கணக்கு.

கொட்டில்:

நான் கால்நடை மருத்துவர். சற்று விலகிய கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கலந்த தடுப்பூசியை விலங்குகளுக்குப் போடும்போது ஊசி தவறி எங்கள் விரலில் பாய்வதுண்டு. அதில் பெரிய அழுத்தம் இல்லையே. இதுவும் அதே வகைதானா?

கைநுட்பம்:

அழுத்தம் வேறு, விளைவு ஏறத்தாழ அதேதான். கனிம எண்ணெய் விரலுக்குள் போனால் மிகச் சிறிய அளவும் கடும் வீக்கத்தையும் இரத்த ஓட்டத் தடையையும் உண்டாக்கக்கூடும். மருந்துக் குப்பியோடு வரும் தாளிலேயே இதற்கான எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு உடனே கை மருத்துவரைப் பாருங்கள்.

திருகுமறை:

இறுதியாக ஒன்று. எங்கள் சக பணியாளர் ஒருவருக்குக் கிரீஸ் பாய்ந்து, அப்போது கழுவிக் கட்டுப் போட்டதோடு விட்டுவிட்டார்கள். பல மாதங்கள் கழித்து இப்போது உள்ளங்கையில் கெட்டியான முடிச்சு ஒன்று இருக்கிறது. அவ்வப்போது சிறு வாய் திறந்து கசிகிறது. வலி பெரிதாக இல்லை. இதை விட்டுவிடலாமா?

கைநுட்பம்:

கசிவு இருக்கும்போது விடக் கூடாது. உடலால் அகற்ற முடியாத கிரீஸைச் சுற்றி நார்த்திசு வளர்ந்து கட்டியாகியிருக்கலாம். அது வெளியேற வழி தேடும்போது இப்படி வாய் திறக்கும், அதன் வழியே கிருமியும் புகும். அவர் அதைப் பிதுக்கி எடுக்க முயலக் கூடாது. அறுவையில் நீக்கலாம், ஆனால் முதல் நாளில் எடுப்பதைவிட இப்போது எடுப்பது கடினம், ஏனெனில் அந்த நார்த்திசு நரம்புகளையும் தசைநாண்களையும் சுற்றிப் பின்னியிருக்கும், எல்லாவற்றையும் எடுக்க முற்பட்டால் நல்ல நரம்பும் சேர்ந்து போகலாம். கசிவு இல்லாமல், அசைவையும் உணர்வையும் பாதிக்காமல் இருக்கும் சிறு முடிச்சாக இருந்தால், அதை விட்டுவைத்துக் கண்காணிப்பதைப் பற்றி நானும் யோசித்திருப்பேன். அறுவையில் எடுக்கும் திசு பரிசோதனைக்குப் போகும்போது, அந்த இடத்தில் முன்பு கிரீஸ் பாய்ந்தது என்பதை விண்ணப்பப் படிவத்தில் எழுதும்படி அவர் தம் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தகவல் இல்லாமல் பார்த்தால் அது வேறு வகைக் கட்டியாகவோ நாள்பட்ட கிருமித்தொற்றாகவோ தோன்ற இடமுண்டு.